செயலாளர் ஆண்டறிக்கை: இரும்பு விண்கற்களோடு ஓர் ஆண்டு

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். தொலைநோக்கி இரவுகள் மழை மாதங்கள் தவிர வழக்கம்போல் நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் கூட்டங்களைப் பிடித்துக்கொண்டது இரும்பு விண்கற்கள்தான், அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது கொடைக்கானல் விண்கல். 1898-இல் கிடைத்தது, சுமார் 16 கிலோ. உலகெங்கும் விண்கல் ஆய்வாளர்கள் அறிந்த பெயர், ஆனால் நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை! இரும்பு விண்கற்களில் பெரும்பாலானவை, உருகிப் பிறகு இறுகிய சிறுகோள்களின் உட்கருவிலிருந்து வந்தவை, வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். கொடைக்கானல் கல்லிலோ இரும்புக்குள் சிலிக்கேட் என்ற பாறைக் கனிமத் துணுக்குகள் சிக்கியிருக்கின்றன, அவற்றின் வயது ஏறக்குறைய 370 கோடி ஆண்டுதான். அவ்வளவு காலம் கழித்து அதை மறுபடி உருக்கியது பெரிய மோதலாக இருக்கலாம் என்கிறார்கள்.

கண்காட்சிக்கு வந்த சேகரிப்பாளர் ஒருவர் நமீபியாவில் கிடைத்த கிபியோன் என்ற இரும்பு விண்கல்லின், அமிலத்தில் தோய்த்தெடுத்த துண்டைக் காட்டினார். நிக்கல் கலந்த இரும்பு, பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில டிகிரி, போனால் சில ஆயிரம் டிகிரி என்ற வேகத்தில் ஆறும்போது வளர்ந்த படிகங்கள் கோலம் போட்டதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எந்த ஆய்வுக்கூடத்திலும் இதை வளர்க்க முடியாது. சேகரிப்பாளர்கள் அந்த அழகுக்காக ஆசைப்படுகிறார்கள், ஆய்வாளர்கள் அதே படிகங்களின் அகலத்தையும் நிக்கல் அளவையும் வைத்து ஆறிய வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். பூமிக்கு 455 கோடி வயது என்று 1956-இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் சொன்னதற்கும் அரிசோனாவின் கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல்லில் இருந்த ஈயமே முக்கிய ஆதாரம்.

அப்புறம், இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு: காந்தம் ஒட்டினால் போதாது, உலைக் கசடும் ஒட்டும். நிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், கிடைத்த இடம் எழுதாத துண்டை வாங்காதீர்கள், இடம் தெரியாவிட்டால் ஆய்வுக்கு அதன் மதிப்பு பாதி போய்விடும். கிபியோன் கற்களை நமீபியச் சட்டம் பாதுகாக்கிறது, அதனால் எப்போது, எப்படி வெளியே வந்தது என்றும் கேளுங்கள். நம் நாட்டில் விண்கல்லோ என்று சந்தேகப்படும்படி எது கிடைத்தாலும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குச் சொல்லுங்கள்.

1947-இல் ரஷ்யாவில் விழுந்த சிகோட்டே-அலின் விண்கல்லின் சிறு துண்டு ஒன்றை, உரிய ஆவணத்தோடு, சங்கத்துக்கு வாங்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல் செலவையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

செயலாளர்