கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது பேரைப் பாக்காதீங்க, ஊசி நுனியைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல ரெக்கார்டு பிளேயர் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா கார்ட்ரிட்ஜ் (ஊசியத் தாங்கி, அதோட அதிர்வ மின்சாரமா மாத்துற சின்ன பாகம்) விஷயத்த மட்டும் காசு கூடப் போட்டா சவுண்டு நல்லா வரும்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க, அது அவ்ளோ சிம்பிள் இல்லைங்க.

ஆடியோ டெக்னிகா கம்பெனியோட விஎம்95 கார்ட்ரிட்ஜ் வரிசைய எடுத்துக்கோங்க, எல்லாத்துக்கும் ஒரே பாடி, ஊசி மட்டும்தான் வேற வேற. உருண்டை நுனி (சி), நீள்வட்ட நுனி (இ), அதுக்கு மேல இன்னும் மெல்லிசா செதுக்கின மைக்ரோலீனியர் (எம்எல்), ஷிபாட்டா (எஸ்ஹெச்). வித்தியாசம் எங்க தெரியும்னா எல்பியோட (33 ஸ்பீடுல சுத்தற பெரிய தட்டு) கடைசிப் பாட்டுல. தட்டு ஒரு சுத்து சுத்த 1.8 செகண்டு, வெளி ஓரத்துல அந்த நேரத்துக்கு 90 சென்டிமீட்டர் நீளம் கிடைக்குது, லேபிள் பக்கம் வந்தா 40கூட இல்ல, அதே அளவு பாட்ட அதுக்குள்ள நெருக்கி அடைச்சிருக்காங்க, அங்க தடிச்ச நுனி பள்ளத்தோட நெளிவுக்குள்ள இறங்காது, பாடுறவங்க ‘ச’ சொன்னா சீறும். எம்எல் போட்டா அந்தச் சீறல் பெருமளவு அடங்கிடுது (ஹெட்ஷெல்லுல, அதாவது கார்ட்ரிட்ஜ் உக்கார்ற கையோட நுனியில, கோணம் சரியா மாட்டணும், இல்லாட்டி வேஸ்ட்டு).

இ ஊசி 300 மணி நேரம், எம்எல் 1000 மணி நேரம்னு கம்பெனியே சொல்லுது. விலை மூணு மடங்கு பக்கம் வந்தாலும் மணிக்கணக்குல பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்!

இன்னொரு கம்பெனியான ஆர்ட்டோஃபோனோட 2எம் ரெட்டு கார்ட்ரிட்ஜ் கேட்டவுடனே பளிச்னு இருக்கும், ஆனா அதோட அவுட்புட் 5.5 மில்லிவோல்ட், எம்எல்லுக்கு 3.5தான், சத்தம் கூட இருக்கறது நல்லா இருக்கற மாதிரி தோணும், கடையில வால்யூம சமமா வெச்சு கேட்டாத்தான் உண்மை தெரியும். ரெட்டு ஏற்கனவே வெச்சிருக்கவங்க கவலப்படாதீங்க, அதே 2எம் வரிசைல அடுத்த மாடலான ப்ளூவோட ஊசி அதே பாடில உக்காரும்.

டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ வாங்கச் சொல்லி நிறைய பேரு உசுப்பேத்துவாங்க. 60கள்ல ஜப்பான் வானொலிக்காக செஞ்சது, உருண்டை நுனிதான், கேக்க சுகமா இருக்கும், மறுக்கல. ஆனா அதோட அவுட்புட் வெறும் 0.3 மில்லிவோல்ட், அத ஏத்திக் குடுக்க தனி ட்ரான்ஸ்ஃபார்மரோ ப்ரீஆம்போ வேணும், ஊசி தேஞ்சா நாமளே கழட்டி மாத்தவும் முடியாது, முதல் தடவ வாங்குறவங்களுக்கு இது எதுக்குங்க?

இன்னொண்ணு, தாத்தா காலத்து 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தறது) வெச்சிருக்கவங்க எல்பி ஊசிய அதுல வெக்காதீங்க, 78ல பள்ளம் அகலம், ஊசி அடில உரசி கரகரன்னு மட்டும்தான் கேக்கும். விஎம்95லயே எஸ்பி-னு 78க்குன்னு தனி ஊசி இருக்கு, 3 மில் (ஒரு இன்ச்ல ஆயிரத்துல மூணு பங்கு) நுனி, ஆனா அத வாங்கறதுக்கு முன்னாடி உங்க டர்ன்டேபிள்ல 78 ஸ்பீடு இருக்கான்னு பாத்துக்கோங்க, இப்ப வர்ற பலதுல 33ம் 45ம் மட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு ரெக்கார்டு பிரியர், திருச்சி