இரண்டாவது பொத்தான்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பரீட்சையில் தேறிவிட்டான். போன மாதம் வார்டன் அம்மாவைப் பார்த்தேன். உன்னை விசாரித்தார், அப்படியே அந்த ஊதா வாளியையும் விசாரித்தார். இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், நீயே பதில் சொல்லிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை அப்பா சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். ஒரே ஒரு பொத்தான், மேலிருந்து இரண்டாவது. 11 நிமிடம் ஆனது. இதைக் கேட்டுச் சிரிக்காமல் சந்தோஷப்படுகிற ஆள் நீதான் என்று உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பக்கவாதம் வந்த வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. இடது கட்டைவிரலால் பொத்தானைத் துளை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறார், விளிம்பில் ஏறும்போது துணி நழுவிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. நான் இரண்டு முறை முன்னால் போய்விட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் தம்பி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றார். கட்டிக்கொண்டேன். அந்த 11 நிமிடமும் அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு வேலையே இல்லாதவர் மாதிரி. பொத்தான் ஏறியதும் அப்பா அதைத் தடவிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நீ வந்து பார்த்துவிட்டுப் போன சமயத்தில் எல்லாவற்றையும் நானே செய்துகொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஊட்டுவது, துடைப்பது, உடுத்துவது, எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நீகூட "எப்படிடி இவ்வளவு வேகமா செய்யறே?" என்று கேட்டாய், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வேகத்தில்தான் ஒருநாள் கட்டிலிலிருந்து அவரைத் தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். பக்கவாதம் வந்த கையில் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோயிருக்கும், அதைப் பிடித்து இழுக்கவே கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் தோள்வலியில் துடித்தார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கப்புறம்தான் ஆள் வைத்தோம். முதலில் செய்த ஏற்பாட்டில் வாரத்துக்கு ஒருவர் வந்தார்கள். யார் மேலும் குறையில்லை, எல்லோரும் வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு வாரமும் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அப்பா சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. நான்காவது ஆள் வந்த அன்று குளிக்க மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் குரலையே உயர்த்தாத மனிதர் என்பது உனக்குத் தெரியும். அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, தினமும் ஒரே ஆள்தான் வர வேண்டும் என்று வேறு இடத்தில் சொல்லி வைத்தோம். இந்தத் தம்பி வந்தார். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம்.

அவர் குளிப்பாட்டுவதை நீ ஒருமுறை பார்க்க வேண்டும். முதலில் கதவைச் சாத்துகிறார். தண்ணீரைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிச் சூடு பார்க்கிறார், அப்புறம் அப்பாவின் இடது கையில் ஊற்றி, போதுமா என்று அவரிடமே கேட்கிறார். வலது கையில் உணர்வு குறைவு, சூடு தெரியாது. துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, மற்ற இடமெல்லாம் துண்டால் மூடியே வைத்திருக்கிறார். கடைசியில் சோப்புத் துணியை அப்பாவின் இடது கையில் கொடுத்துவிட்டு, துண்டைத் திரைபோல் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த இடத்தை அப்பா தானே கழுவிக்கொள்கிறார். (முதல் நாள் மட்டும்தான் நான் உள்ளே நின்றேன். அப்புறம் போவதில்லை.)

சட்டை போடும்போது வலுவில்லாத கைதான் முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அதுதான் கடைசி. நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். இடுப்புக்குக் கீழே லேசாகச் சிவந்திருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். விரலால் அழுத்தினார். அழுத்தினால் வெளுத்துவிட்டுத் திரும்பவும் சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தமாம். அப்பாவுக்கு வெளுக்கவில்லை. நான் எண்ணெய் தடவித் தேய்த்துவிடுகிறேன் என்றேன், தேய்க்கவே கூடாது என்று தடுத்துவிட்டார். படுத்திருக்கும் நேரமெல்லாம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம், குதிகால் மெத்தையில் படாதபடி காலுக்கடியில் தலையணை வைத்தோம். ராத்திரி முழுக்க அலாரம் வைத்து எழுந்தேன். புண்ணாகாமல் ஆறிவிட்டது.

இதையெல்லாம் பார்த்த பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். 1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒருவர் தன் வேலைகளை எவ்வளவு தூரம் தானே செய்துகொள்கிறார் என்று பார்க்க, ஆறு வேலைகளை வைத்து ஓர் அளவுகோல் வெளியிட்டிருக்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது. நோயிலிருந்து மீள்கிறவர்களுக்குச் சாப்பிடுவதும் அடக்குவதும் முதலில் திரும்புகின்றன, எழுந்து மாறுவதும் கழிப்பறைக்குப் போவதும் அப்புறம், குளிப்பதும் உடுத்துவதும் கடைசியில். கிட்டத்தட்ட குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்கிற வரிசை. இப்போது தெரிகிறதா அந்தப் பொத்தானுக்கு நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று?

இனி உன் விஷயம். "என் அம்மாவை வேறு யாரும் தொட விடமாட்டேன், எல்லாம் நானே செய்வேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியால்தான் இவ்வளவு நாள் பதில் எழுத முடியவில்லை. நானும் அதையேதான் சொன்னேன். நான் குளிப்பாட்டும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். சோப்பு எரிகிறது என்று நினைத்து, எரியாத சோப்பாகத் தேடி வாங்கினேன். இந்தத் தம்பி வந்து ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அப்பா, திக்கித் திக்கி, "நீ குளிப்பாட்டினப்போ... எனக்கு... கூச்சமா இருந்ததும்மா" என்றார். பெற்ற மகளிடம் அதைச் சொல்ல அவருக்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது. சோப்பை மாற்றின நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

உன் அம்மா உன்னைத்தான் கேட்பார்களோ என்னவோ. அம்மாவும் மகளும் என்றால் வேறாக இருக்கலாம். ஆனால் நீ முடிவு செய்யாதே, அவர்களிடம் கேள். இப்போதே கேள், பேச்சு தெளிவாக இருக்கும்போதே. ஆள் வைப்பதானால், ஒரே ஆள் தொடர்ந்து வருவாரா என்பதைத்தான் முதலில் விசாரி. வந்த பிறகு, அம்மா தானாகச் செய்யக்கூடியதைச் செய்யவிட்டுக் காத்திருக்கிறாரா என்று பார். மளமளவென்று முடித்துவிட்டுப் போகிறவரைப் பார்த்து, நான் உன்னிடம் பாராட்டு வாங்கின மாதிரி, கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதே. அப்புறம் உன் முதுகுவலி. அதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். எத்தனை நாளாக? டாக்டரிடம் போனாயா, இல்லையா? அடுத்த கடிதத்தில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

எனக்கு இப்போது அந்த ஒன்றரை மணி நேரம் காலியாக இருக்கிறது. குளித்து முடித்து வந்ததும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுகிறேன். தலைப்புச் செய்தியைத் தப்பாகப் படித்தால் திருத்துகிறார்.

அடுத்த மாதம் கட்டாயம் வா. நீ வந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அப்பா இப்போதே பழகுகிறார். பாதி டம்ளர்தான் ஊற்றி வைப்போம், அதிலும் பாதி வழியில் சிந்தும். வாங்கிக் குடி. துடைக்க எழுந்திருக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி