திரை உறைந்த மடிக்கணினிக்கு வழி சொன்னவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

புதிதாக லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியில் திரை கருப்பாகிவிட்டால், "இன்னொரு தடவை நிறுவிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மறுபடியும் இயங்குதளத்தின் மையமான அதே கெர்னலும், வன்பொருளை இயக்கும் அதே டிரைவரும்தான் வந்து உட்காரும். அப்படிச் சொல்லாமல், உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டவர்களுக்கு இந்த மடல்.

"கணினி நின்றுவிட்டதா, திரை மட்டும் நின்றுவிட்டதா?" என்று முதலில் கேட்டவருக்கு நன்றி. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துக் கன்சோல் வந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, விழுந்தது டெஸ்க்டாப். எதுவுமே வராதபோதும் பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காமல், ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூவையும் (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான்) பிடித்தபடி எஸ், யு, பி என்று இரண்டு விநாடி இடைவெளியில் தட்டச் சொன்னீர்கள். எஸ் நினைவகத்தில் தங்கியதை வட்டில் எழுதும், யு வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி மறுதொடக்கம் செய்யும். கோப்புகள் தப்பும்.

'நோமோட்செட்' என்ற கெர்னல் தொடக்கக் குறிப்பைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அடுத்த நன்றி. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு அதைச் சேர்த்து எஃப்10 தட்டினால், பெரும்பாலும் உள்ளே நுழைந்துவிடலாம். இது ஊன்றுகோல்தான், மருந்து இல்லை என்று கூடவே எச்சரித்ததற்குத் தனி நன்றி. அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடியவில்லை, வெளித்திரை வரவில்லை என்று புலம்புவோர் ஏராளம். கெர்னலின் வரைகலை டிரைவரையே அது ஒதுக்கி வைக்கிறது, வேறென்ன நடக்கும்?

உண்மையான காரணத்தைப் பதிவுக் கோப்பு சொன்னது. ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு '-கே', '-பி', '-1' சேர்த்தால் முந்தைய இயக்கத்தின் கெர்னல் பதிவு வரும். வரைகலைச் சில்லு இன்டெல் என்றால் 'ஜிபியு ஹேங்', என்விடியா என்றால் 'எக்ஸ்ஐடி' எண், ஏஎம்டி என்றால் 'ரிங்', 'டைம்அவுட்' ஆகிய சொற்களைத் தேடச் சொன்னீர்கள்.

என்விடியா டிரைவரை நிறுவியும் அது ஏறாததற்கு, தொடக்கத்தில் நம்பகமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் காரணம் என்று பிடித்தவரை மறக்க முடியாது. கையொப்பம் இல்லாத மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டை, அது உள்ளே விடாது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். அங்கே கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யும் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பயந்துபோய் 'கன்டினியூ' அழுத்தினால் சாவி பதிவாகாது, டிரைவரும் ஏறாது. எல்எஸ்பிசிஐ கட்டளையை '-கே' சேர்த்து ஓட்டினால் இப்போது எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் நுட்பமான யோசனை, "மவுஸை அசைத்துக்கொண்டே இருந்தால் உறைகிறதா?" என்ற கேள்வி. படம் மாறாதபோது திரைப்பலகை தன் நினைவகத்திலிருந்தே காட்டிக்கொண்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தும். அதன் பெயர் பிஎஸ்ஆர். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்போது தடுமாறினால் மினுக்கலும் உறைவும் வரும். கை வைக்காத நேரத்தில் மட்டும் கோளாறு என்றால் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும். அதை அணைக்க இன்டெல்லுக்கு 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0', ஏஎம்டிக்கு 'ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0எக்ஸ்10'. முதலில் கிரப் வரியில் ஒருமுறை சேர்த்துச் சோதித்து, சரியானால் மட்டும் கிரப் அமைப்புக் கோப்பில் எழுதி, உபுண்டு வகைகளில் 'அப்டேட்-கிரப்' ஓட்டச் சொன்னீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள் என்று கண்டிப்பும் காட்டினீர்கள்.

கடைசியாக, "மூடியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்" என்றவருக்கு. சாய்க்கும் கோணத்துக்கேற்ப மினுக்கல் மாறினால், லினக்ஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் திரையிலும் அது தெரிந்தால், கீலுக்குள் ஓடும் திரை கேபிளைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கட்டளையும் உதவாது.

நன்றியுடன்.