624 குரல்களின் மென்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய வெகுஜன இசையின் வரலாறு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ராக் இசையின் தொடக்கக் காலத்தையும் பங்க் இசையின் எழுச்சியையும் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் கோலோச்சிய சாஃப்ட் ராக்கை, அதாவது மென்மையாகப் பாடப்படும் ராக் வகையை, லிஃப்டுக்குள் ஒலிப்பதற்கென்றே செய்யப்பட்ட, உழைப்பும் உணர்ச்சியும் இல்லாத இசை என்று ஒரே வரியில் அவர் ஒதுக்கிவிட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. தமக்குப் பிடிக்கவில்லை என்று அவர் எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ரசனை அவரவர் உரிமை. உழைப்பில்லை என்று எழுதியதால்தான் இந்தக் கடிதம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். 1970களின் பிற்பகுதியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ்ப் பாடல்களுக்காக இலங்கை வானொலியைத் தேடி டிரான்சிஸ்டரின் முள்ளைத் திருகும்போது, சில இரவுகளில் அதன் ஆங்கில ஒலிபரப்பு கிடைக்கும். அந்தப் பாடல்களின் சொற்களில் பாதிகூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் பாடுகிறவர் மேடையில் நின்று ஊருக்கெல்லாம் முழங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரிடம் மட்டும் பேசுகிறார் என்பது மட்டும் சொல்லின் துணையில்லாமலே விளங்கியது. சாஃப்ட் ராக்கின் ஈர்ப்பு எது என்று கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன். அந்த நெருக்கத்தைக் காதில் கொண்டுவந்து சேர்க்க அவர்கள் பட்ட பாடு எவ்வளவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட் என்ற ஊரில், ஸ்ட்ராபெரி ஸ்டூடியோஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில், டென் சிசி குழுவினர் பதிவுசெய்து 1975இல் வெளியிட்ட ‘ஐம் நாட் இன் லவ்’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். அந்தக் குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கூல்ட்மனும் எழுதிய அந்தப் பாடல் முதலில் பிரேசில் நாட்டு போஸா நோவா நடையில் அமைக்கப்பட்டு, திருப்தி தராததால் கைவிடப்பட்டது. பிறகு, வாத்தியங்களை விட்டுவிட்டு மனிதக் குரல்களாலேயே பாடலை எழுப்பிப் பார்க்கலாம் என்று குழுவிலிருந்த கெவின் காட்லி யோசனை சொன்னார். மூன்று பேர் மைக்கின் முன் நின்று ஒரே ஒரு சுரத்தை ‘ஆ’ என்று 16 முறை பாடிப் பதிவுசெய்தார்கள். அந்த ஒரு சுரத்துக்கு 48 குரல்கள் சேர்ந்தன. இப்படியே அரைச்சுர இடைவெளியில் 13 சுரங்களையும் பாடி முடித்தபோது 624 குரல்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு சுரத்தின் ஒலிநாடாவையும் வளையமாக ஒட்டி, முடிவில்லாமல் சுழலவிட்டு, 16 தடப் பதிவுக்கருவியின் 13 தடங்களில் ஏற்றினார்கள். அதன்பின் நால்வரும் மிக்ஸர் மேசையின் முன் நின்று, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை விரலால் மேலேற்றியும் கீழிறக்கியும், எந்தச் சுரம் எப்போது மேலெழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று அந்த மேசையையே ஒரு வாத்தியமாக வாசித்தார்கள். பாடலின் நடுவே ஒரு பெண் குரல் காதோடு பேசுவதுபோல் ஒலிக்கும். அந்தக் கூடத்தில் அலுவலக வேலை பார்த்தவரையே அழைத்துப் பேசச் செய்து பதிவுசெய்த குரல் அது. இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தொட்டால் இதுபோன்ற ஓசை கிடைத்துவிடும் என்பது உண்மைதான். அன்று ஒவ்வொரு குரலையும் ஒரு மனிதன் மூச்சுப் பிடித்துப் பாட வேண்டியிருந்தது.

இவ்வளவும் எதற்காக? காதலிக்கவில்லை, காதலிக்கவில்லை என்று மறுத்துக்கொண்டேயிருக்கும் ஒருவனின் மனத்தைச் சொல்வதற்காக. அவன் வாய் மறுப்பதை அவன் பின்னால் எழும்பும் அந்தக் குரல்கள் ஒப்புக்கொண்டுவிடுகின்றன. வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை உணர்த்தும் அகப்பாடல்களில் பழகிய நம் வாசகர்களுக்கு இந்த உத்தியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவின் கார்பென்டர்ஸ் இரட்டையரை, அதாவது ரிச்சர்ட், கேரன் என்னும் அண்ணன் தங்கையை, கட்டுரையாளர் இனிப்பு மிட்டாய் என்று வருணித்திருந்தார். கேரனின் குரலைக் கவனித்துக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெண்கள் உச்சத்தில் பாடுவதையே திறமை என்று கருதும் பழக்கம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. கேரனோ கீழ்ச்சுரங்களில், குரலை உயர்த்தாமல், மைக்கை ஒட்டி நின்று பாடினார். 1970இல் அவர்களுடைய ‘குளோஸ் டு யூ’ பாடல் அமெரிக்காவில் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தபோது அவருக்கு வயது 20. அந்த இளம் வயதுக் குரலில் முதுமையின் துயரம் எப்படி வந்து அமர்ந்தது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். பசியின்மை நோய் அவருடைய உடலைச் சிறுகச் சிறுகத் தின்று, 1983 பிப்ரவரி 4 அன்று, 32 வயதில் அவர் உயிரைப் பறித்தது. அதை அறிந்த பிறகு அந்தப் பாடல்களை இனிப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இசை துணிச்சலற்றது என்ற குற்றச்சாட்டும் கட்டுரையில் இருந்தது. 1972இல் வெளியான கார்பென்டர்ஸின் ‘குட்பை டு லவ்’ என்ற காதல் சோகப் பாடலில், டோனி பெலுசோ என்ற இளைஞரைக் கொண்டு, கரகரவென்று உறுமும் எலெக்ட்ரிக் கிட்டாரை ரிச்சர்ட் வாசிக்கச் செய்தார். இவர்களும் முரட்டு ராக்குக்கு மாறிவிட்டார்கள் என்று சொந்த ரசிகர்களே வசைக் கடிதங்கள் எழுதினார்கள். மெல்லிசைப் பாட்டுக்குள் அப்படியொரு கிட்டாரை நுழைப்பது பின்னாளில் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னோடியாக நின்று ஏச்சு வாங்கியவர்கள் இவர்கள்.

உணர்ச்சியில்லை என்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ரூமர்ஸ்’ இசைத்தட்டு 1977இல் வெளியாகி, அமெரிக்காவில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அது பதிவான நாள்களில் குழுவுக்குள்ளேயே ஒரு கணவன் மனைவி பிரிந்துகொண்டிருந்தார்கள், ஒரு காதல் இணை முறிந்துகொண்டிருந்தது. ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதிய பாடலை அவரே பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டிலுள்ள ‘சாங்பேர்ட்’ பாடலுக்காக, குழுவின் பாடகி கிறிஸ்டின் மெக்வீ பெர்க்லி நகரில் ஆளில்லாத ஒரு பெரிய அரங்கில் இரவில் பியானோவின் முன் அமர்ந்து பாடினார். அரங்கின் வெறுமையும் பாட்டில் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒலிப்பதிவாளர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். லிஃப்டுக்கு இசை செய்கிறவர்கள் இத்தனை மெனக்கெடுவார்களா?

இந்த நுணுக்கங்கள் மக்களின் காதுக்குப் போய்ச் சேர எஃப்எம் வானொலி பெரிதும் உதவியது. இரைச்சல் குறைந்த ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அமெரிக்காவில் 1961இலேயே அனுமதி கிடைத்திருந்தாலும், 1970களின் இறுதியில்தான் எஃப்எம் நேயர்களின் தொகை பழைய ஏஎம் நேயர்களின் தொகையை மிஞ்சியது. மூச்சொலியும் பக்கக் குரல்களும் பிரிந்து கேட்கும் வசதி வந்த பிறகு உரக்கப் பாட வேண்டிய தேவை குறைந்தது.

கட்டுரையாளர் சொன்ன குறையில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். 1983இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 என்ற மின்னணு விசைப்பலகைக் கருவி வந்த பிறகு, அதிலேயே ஆயத்தமாக இருந்த எலெக்ட்ரிக் பியானோ ஓசையைப் பலரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தியதால், அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிப் பாடல்கள் பல ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஆகிவிட்டன. அவற்றை நானும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிற்காலச் சோர்வை வைத்து, 1981இல் ஒரே இரவில் அமெரிக்க இசை விருதான கிராமியின் நான்கு முதன்மை விருதுகளையும் வென்ற பாடகர் கிறிஸ்டோஃபர் கிராஸையும், டென் சிசியையும், கார்பென்டர்ஸையும் சேர்த்து எடைபோடுவது நியாயமாகாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கேரன் கார்பென்டர் என்ற பெயருக்கு முன் கட்டுரையில் ‘பாடகி’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. அவர் தம்மை முதலில் டிரம்ஸ் வாசிப்பவராகவே கருதியவர். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் ‘டிரம்ஸ் கலைஞரும் பாடகியுமான’ என்று வெளியிட்டால் மகிழ்வேன்.

அன்புடன்,
தங்கள் நீண்டகால வாசகி,
ராமநாதபுரம்.