பிளாட்டஸும் ஒரு கஞ்சனும்

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாச்சு என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படிதான் இன்னும் ஏற முடியவில்லை. உட்கார்ந்த இடத்தில் படிப்புதான்.

இப்போது பிளாட்டஸில் மூழ்கியிருக்கிறேன். ரோமாபுரி நாடகக்காரர் என்கிறோமே தவிர, பிறந்தது இத்தாலியின் உம்பிரியா பகுதியில் சார்சினா என்ற ஊரில். இறந்தது கி.மு. 184. மாவரைக்கும் இடத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினாராம். நான் நம்பவில்லை, ஆனால் நல்ல கதை. அவர் பெயரில் ஒரு காலத்தில் சுமார் 130 நாடகங்கள் உலவின. ஓரளவு முழுசாக மிஞ்சியவை 20.

கதையெல்லாம் கிரேக்க நாட்டில் நடக்கும், உடையும் கிரேக்க உடைதான். கிரேக்க மூலங்களைத் தழுவியவை என்பதால் அப்படி. அதில் ஒரு சௌகரியமும் உண்டு. அதே காலத்தில் நேவியஸ் என்றொரு நாடகக் கவிஞர், ரோமில் மெட்டெல்லஸ் குடும்பத்துப் பெரிய மனிதர்களைச் சீண்டிவிட்டுச் சிறைக்குப் போனார் என்பார்கள். கடைசியில் ஆப்பிரிக்கக் கரையில் உட்டிகாவில்தான் உயிர் போயிற்று. அதையும் பார்த்துவிட்டு எவன் உள்ளூர் ஆளை மேடையேற்றுவான்? ஏதென்ஸ் என்று சொல்லிவிட்டால் அடிமை எஜமானை ஏய்க்கலாம், மகன் அப்பன் காசைச் சுருட்டலாம், கேள்வி இல்லை.

ஆனாலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை! ‘மிலெஸ் குளோரியோசுஸ்’ என்ற ஜம்பக்காரச் சிப்பாயின் கதையில், ஓர் அடிமை மோவாயைக் கையில் தாங்கியபடி யோசிக்கிறான். பக்கத்து வீட்டுக் கிழவர் பார்த்துவிட்டு, “முகத்துக்குத் தூண் கொடுக்கிறானே, எனக்கு இந்தக் கட்டடம் பிடிக்கவில்லை, இதே மாதிரி தூண் கொடுத்த முகத்தோடு ஒரு கவிஞன் இருக்கிறானாம், எந்நேரமும் இரண்டு காவலாம்” என்கிற மாதிரி சொல்கிறார். பெயர் கிடையாது. நேவியஸைத்தான் குறிக்கிறது என்று பழைய உரைகாரர்களே சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு வரி, அடுத்த நிமிஷம் கதை நகர்ந்துவிடுகிறது. எனக்கு அவர் எழுத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

உன் குழுவுக்கு நாடகம் கேட்டிருந்தாயே, ‘அவுலுலாரியா’ எடுத்துக்கொள். ஒரு பானைத் தங்கம், அதைக் காக்கும் கஞ்சக் கிழவன் யூக்ளியோ. நாவிதர் வெட்டிப்போட்ட நகத்துண்டுகளைக்கூடப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவன்! 1668இல் பிரெஞ்சு நாடகக்காரர் மோலியேர் தன் கஞ்சனை இவனிடமிருந்துதான் எடுத்தார். ஒரே சிக்கல், கடைசிப் பகுதி காலத்தில் தொலைந்துபோயிற்று. தங்கம் யார் கைக்குப் போகிறது என்பதை நீதான் எழுத வேண்டும். எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராமு