எங்கள் காணிக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு

நேற்று விடியப்புறம் மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கத்துக் காணியில் ஆறுமணிக்குருவி ஒன்று பாலை மரத்தடியில் சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கிக்கொண்டு நின்றது. இந்தியாவிலிருந்து மாரிக்கு வரும் குருவி அது. 4 வருடத்துக்கு முதல் அதே இடத்தில் ஆள் நுழைய முடியாத நாயுண்ணி என்ற முட்களைச்செடிப் பற்றைதான் இருந்தது. அதை அழிக்கக் கைகொடுத்த உங்களுக்கு நன்றி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

1990இல் நாங்கள் இடம்பெயர்ந்து போன பிறகு அந்த 5 ஏக்கரில் பாலையும் வீரையும் தாமாகவே வளர்ந்து காடாகிவிட்டன, ஆனால் கீழே முழுக்க நாயுண்ணி, அதன் அடர்த்திக்குள் ஒரு பாலைக்கன்றுகூட எழும்பவில்லை, மாடு அந்த இலையைத் தின்றால் ஈரல் பழுதாகும், கறுத்த பழத்தைத் தின்ற குருவிகள் எச்சமிட்ட இடமெல்லாம் புதிதாக முளைக்கும். முதல் வருடம் ஆள் பிடித்து நிலமட்டத்தில் வெட்டி எரித்தேன். மழை விழுந்ததும் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கொத்துக்கொத்தாகத் தளிர்த்தது. காணியை விற்றுவிடலாம் என்றே நினைத்தேன்.

வாகரையிலிருந்து வந்த தேன் எடுக்கும் ஐயா, நீங்கள் "இதுக்கு உயிர் மண்ணுக்குக் கீழதான் மனே" என்று சொல்லி, மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் வேரை வெட்டி, அலவாங்கால் நெம்பித் தூரைக் கவிழ்த்துப் போட்டுக் காட்டினீர்கள். பூத்துக் காய்க்க முதல் செய்ய வேண்டும் என்றதும் நீங்கள்தான்.

டீச்சர், ஒரேயடியாக வெளியாக்கினால் முயலும் கௌதாரியும் எங்கே ஒளிக்கும் என்று நீங்கள் சண்டை பிடித்ததால்தான் துண்டு துண்டாகச் செய்தோம். உங்கள் பிள்ளைகள் பற்றைக்குள் ஊர்ந்து போய் ஒவ்வொரு வீரைக்கன்றிலும் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். அந்தத் துணி இல்லாவிட்டால் பாதிக் கன்றுகள் எங்கள் கத்திக்கே போயிருக்கும். வெயில் பட்ட இடத்தில் கினியாப்புல் ஏறிவிடும் என்று எச்சரித்து, நாவல், விளாங்கன்றுகள் எடுத்துத் தந்த விவசாயப் போதனாசிரியருக்கும், வெயிலுக்குள் கஞ்சி கொண்டுவந்த அக்காமாருக்கும் நன்றி.

ஆனால் என் பெரிய நன்றி இரண்டாம் வருடமும் மூன்றாம் வருடமும் வந்தவர்களுக்குத்தான். முதல் நாள் படம் எடுக்க எல்லோரும் வருவார்கள், அப்புறம் விரல் உயரத்து நாயுண்ணி முளைகளைக் குனிந்து குனிந்து கையால் பிடுங்க வந்தவர்கள் நீங்கள் 7 பேர். அந்த வேலை இல்லாமல் முந்தின வேலைக்குப் பலனே இல்லை.

கிழக்கு மூலையில் இன்னும் முளை நிற்கிறது. இன்னொரு மழை விழுந்தால் மண் இளகிவிடும். வருபவர்கள் ஒரு நாள் முன்னமே சொல்லுங்கள், மரவள்ளி அவித்து வைக்க வேண்டும்.