இங்கே காலை ஏழு மணிதான் ஒரு மணி

தார் எஸ் சலாம், தான்சானியா
டிசம்பர் 7

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, பாட்டி, தம்பி எல்லோரும் நலமா? அக்கா போட்ட கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாதது என் தப்பு, மன்னித்துக்கொள். போனில் இரண்டு நிமிஷம் பேசினால் "சாப்பிட்டியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. இங்கே தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. எல்லாத் தபாலும் பெட்டி எண்ணுக்குத்தான் வரும். பல்கலைக்கழகத்தில் அதைப் பிரித்துத் துறைக்கு அனுப்புவார்கள், நாம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். இனி உறையில் என் பேருக்குக் கீழே துறையின் பேரையும் எழுதச் சொல்.

இங்கே மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, அதற்கு இரண்டு பதில் உண்டு. நம் மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் கழித்துக்கொள். நீ ஆறு மணிக்கு விளக்கு ஏற்றும்போது இங்கே மூன்றரை. ஆனால் சுவாஹிலிக்காரர்கள் அதை ஒன்பதரை என்பார்கள். பொழுது விடிவதிலிருந்து எண்ணுவது அவர்கள் கணக்கு. காலை ஏழு மணி 'சா மோஜா', அதாவது ஒரு மணி. உச்சி வெயில் ஆறு மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிகிறது, கணக்கு தப்புவதில்லை. பாட்டியிடம் சொல், அவளுக்குச் சட்டென்று புரியும்: விடிந்து ஐந்து நாழிகை ஆனால் இங்கே 'சா ம்பிலி', நமக்கு எட்டு மணி. வகுப்பு அட்டவணை ஆங்கிலக் கணக்கில் இருக்கும், கடைக்காரரும் தையல்காரரும் ஊர்க் கணக்கில் பேசுவார்கள். நாலு மணிக்கு வா என்றால் காலை பத்து. கடிகாரத்தில் சின்ன முள்ளுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நம் மரச்சீனி இங்கே 'முஹோகோ', அயலை 'விபுவா', துவரை 'ம்பாஸி'. உடைத்த பருப்பு வேண்டுமென்றால் நகரத்துக்குள் கிசுத்து பக்கம் இந்தியக் கடைகளுக்குப் போக வேண்டும். தோலோடு முழுத் துவரை எந்தச் சந்தையிலும் கிடைக்கும், விலையும் குறைவு, அதனால் அதிலேயே சாம்பார் வைக்கிறேன். ஒரு கப் துவரையை இரவே ஊறப் போட வேண்டும், எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நாலு கப் புதுத் தண்ணீரில் உப்பும் புளியும் போடாமல் வேகவிட வேண்டும். புளி முதலிலேயே விழுந்தால் எத்தனை நேரம் கொதித்தாலும் தோல் இளகாது. 'ஜிகோ' என்கிற கரி அடுப்பில் குக்கர் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மத்தால் பாதியை மட்டும் மசித்து, பிறகு புளி, வெண்டைக்காய், நீ கொடுத்த பொடி. பொடி இன்னும் அரை டப்பா இருக்கிறது. கரி அடுப்பை அறைக்குள் வைப்பதில்லை, பயப்படாதே. கதவைச் சாத்திய அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும் என்று தெரியும். திண்ணையில்தான் சமையல்.

வெளியே சாப்பிடுவதை விட்டுவிட்டேன், வீட்டுச் சமையல்தான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. வகுப்புக்கு டாலாடாலா என்கிற மினி பஸ் உண்டு. நடந்தால் முக்கால் மணி நேரம்தான், காலை வெயிலும் இதமாக இருக்கிறது. மின்சாரத்துக்கு இங்கே முன்பணம் கட்டி இருபது இலக்க எண் வாங்கி மீட்டரில் அழுத்த வேண்டும். நான் சீக்கிரமே படுத்துவிடுவதால் அதிகம் செலவாவதில்லை. அப்பா பணம் அனுப்ப வேண்டாம். கையில் இருப்பது பிப்ரவரி வரை வரும்.

பக்கத்து அறையில் ஒரு பீபி இருக்கிறார். பீபி என்றால் பாட்டி. இங்கே 'மாமா' என்றால் அம்மா, 'காக்கா' என்றால் அண்ணன், தம்பி கேட்டால் நம்பமாட்டான். பெரியவர்களைப் பார்த்ததும் 'ஷிகமோ' சொல்ல வேண்டும், அவர்கள் 'மரஹபா' என்பார்கள். சொல்லாமல் தாண்டிப் போவது பெரிய மரியாதைக் குறைவு. பீபியை நாளைக்கு எத்தனை முறை பார்த்தாலும் அத்தனை முறையும் சொல்லியாக வேண்டும், விடமாட்டார். அவர் மந்தாஸி என்கிற எண்ணெய்ப் பலகாரம் போட்டு விற்கிறார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து 'ம்புஸி'யில் உட்கார்ந்து தேங்காய் துருவுவார். ம்புஸி என்றால் ஆடு, தேங்காய்த் துருவிக்கும் அதே பேர். மடக்கு முக்காலியின் முனையில் பல் வைத்த இரும்பு நாக்கு. முதல் பாலில் மைதா, சர்க்கரை, ஏலக்காய், ஈஸ்ட் போட்டுப் பிசைந்து மாவு உப்பும்வரை மூடி வைக்கிறார். எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் உப்பாது, எண்ணெயைத்தான் குடிக்கும்.

அந்தத் துருவுகிற சத்தம் நம் அடுக்களைச் சத்தமேதான், அம்மா. தூக்கத்தில் கேட்டால் நீ எழுந்துவிட்டாய் என்றே நினைக்கிறேன். கண்ணைத் திறந்தால் கொசுவலை. நேற்று எழுந்து போய் பீபியின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் பாதித் தேங்காயை என் கையில் கொடுத்தார்.

கடலும் அதே கடல்தான். ஆனால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்று மீட்டருக்கு மேல் வித்தியாசம். வற்றும்போது பாறைத்திட்டு வெகுதூரம் தெரியும். நம்மூர் வாடைக்காற்று இப்போது இந்தக் கரைக்கும் வரத் தொடங்கிவிட்டது, கஸ்காஸி என்கிறார்கள். பெரியப்பாவிடம் சொல்.

பாட்டிக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்துவிட்டதாக அக்கா எழுதியிருந்தாள். முடிந்ததும் டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, அடுப்புப் பக்கம் விடாதே. இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்தால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஐந்து நிமிஷம் இடைவெளி விடு. எத்தனை முறை விட்டோம் என்று தம்பி காலண்டரில் கோடு போடட்டும். அவன் அரையாண்டுப் பரீட்சைக்குக் கணக்கு வாத்தியாரிடம் போகிறானா? கும்பப்பூ நெல்லுக்குக் கால்வாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? குத்தகைக்காரர் போன போகத்தின் பாக்கியைக் கொடுத்துவிட்டாரா? கொடுத்திருந்தால் அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள், முதலில் அக்கா சங்கிலிக்கு வட்டி கட்டச் சொல். ரசீது என் பச்சைப் பெட்டியில், சான்றிதழ்களுக்கு அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் இருக்கிறது. ஜனவரி 20-க்குள் கட்டியாக வேண்டும்.

உன் மகள்